ஆன்லைன்ல ஆடின கோ கேமை சாஃப்ட்வேர்ல ஏத்தி ரிவ்யூ பண்றது எப்படி

கோங்கிற கருப்பு வெள்ளைக் கல்லு வச்சு ஆடுற போர்டு கேமை ஆடுறவங்க நிறைய பேருக்கு ரிவ்யூன்னா, கேம் முடிஞ்சதும் சர்வர்லயே நாலு மூவ் பின்னாடி தள்ளிப் பாத்துட்டு "ஓ, இந்த குரூப் இங்கதான் செத்துச்சா"ன்னு சொல்லிட்டு அடுத்த கேமுக்குப் போயிடறதுதான். அது தப்பில்ல, ஆனா அதுல எதுவும் மண்டையில தங்காது. அதே கேமை ஃபைலா எடுத்து நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர்ல ஏத்தி, நிதானமா உக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்கும். ஏத்தறது அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா ஏத்தும்போது ரெண்டு மூணு விஷயம் சரி பார்க்காம எஞ்சினை, அதாவது மூவ் எல்லாம் அலசிச் சொல்ற ப்ரோக்ராமை, ஓட விட்டா அது சொல்ற நம்பர் எல்லாமே தப்பா வரும், அது தப்புன்னே தெரியாம நாம அதை நம்பிப் படிச்சிட்டு இருப்போம், அதனாலதான் இதை கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல ஃபைல் என்னன்னு பாத்துடலாம். கோ கேம் எல்லாம் பெரும்பாலும் எஸ்ஜிஎஃப்ங்கிற ஃபார்மட்லதான் இருக்கும். ஆண்டர்ஸ் கீருல்ஃப்ங்கிறவர் 1980கள்ல தன்னோட கோ ப்ரோக்ராமுக்காக ஆரம்பிச்சது, இப்ப புழக்கத்துல இருக்கிறது அதோட நாலாவது வெர்ஷன். இதுல ரகசியம் எதுவும் இல்ல, வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட்ல திறந்து பாருங்க, ஒரு தடவையாவது கண்டிப்பா பாருங்க. மேல ஹெட்டர் இருக்கும், அதுல ரெண்டு ரெண்டு எழுத்தா பேர் போட்டு பக்கத்துல சதுர பிராக்கெட்டுக்குள்ள விவரம் இருக்கும்: பிபி, பிடபிள்யூன்னா கருப்பு வெள்ளை ஆடினவங்க பேரு, கேஎம்னா கோமி (ரெண்டாவதா ஆடுற வெள்ளைக்கு ஈடா கொடுக்கிற பாயின்ட்), ஆர்யூன்னா ரூல்ஸ், ஹெச்ஏன்னா ஹேண்டிகாப் (பலம் கம்மியானவருக்காக முன்கூட்டியே வைக்கிற கருப்புக் கல்லு), ஆர்ஈன்னா ரிசல்ட், எஸ்இசட்ன்னா போர்டு சைஸ். அதுக்குக் கீழ ஒவ்வொரு மூவும் ஒரு செமிகோலன் போட்டு, கருப்புன்னா பி, வெள்ளைன்னா டபிள்யூ, பிராக்கெட்டுக்குள்ள ரெண்டு சின்ன எழுத்து.

அந்த ரெண்டு எழுத்து தான் இடம். முதல் எழுத்து இடப்பக்கத்துல இருந்து எத்தனாவது கோடு, ரெண்டாவது எழுத்து மேல இருந்து எத்தனாவது கோடு. ஜே ஜேன்னு இருந்தா பத்தாவது, பத்தாவது, அதாவது நட்ட நடு டெங்கென். ஆனா அதே புள்ளிய சாஃப்ட்வேர்ல போர்டு ஓரத்துல பாத்தா கே 10ன்னு போட்டிருக்கும். ஏன்னா போர்டு ஓரத்துல எழுதும்போது ஐங்கிற எழுத்தை விட்டுடுவாங்க, நம்பரும் கீழ இருந்து எண்ணுவாங்க. ஃபைலுக்குள்ள ஐ உண்டு, எண்றதும் மேல இருந்துதான். இது தெரியலன்னா நோட்பேட்ல ஒரு மூவைத் திருத்தப் போய் கல்லு வேற எங்கயோ போய் உக்காந்துடும்.

இப்ப ஃபைலை எங்கிருந்து எடுக்கறதுன்னு பாக்கலாம். ஓஜிஎஸ், கேஜிஎஸ், ஃபாக்ஸ் எல்லாம் ஆன்லைன்ல கோ ஆடுற சர்வர். ஓஜிஎஸ்ல இது ரொம்ப சுலபம். முடிஞ்ச கேமோட பக்கத்தைத் திறந்தா ஓரத்துல ஒரு மெனு இருக்கும், அதுல எஸ்ஜிஎஃப் டவுன்லோடுன்னு இருக்கும், க்ளிக் பண்ணா போதும். கேஜிஎஸ்ல ஆடுறவங்களுக்கு அதோட வெப்சைட்ல ஆர்க்கைவ்ஸ் பக்கம் இருக்கு, யூசர்நேம் போட்டா மாச வாரியா கேம் லிஸ்ட் வரும், ஒவ்வொண்ணா எடுக்கலாம் இல்ல ஒரு மாசத்து கேம் மொத்தத்தையும் ஒரே ஜிப்பா இறக்கிக்கலாம். ஃபாக்ஸ்ல கம்ப்யூட்டர் க்ளையன்ட்ல கேமைத் திறந்து சேவ் பண்ணிக்கலாம். அது கஷ்டமா இருந்தா லிஸ்ஸிஒய்இசட்ஒய்ங்கிற சாஃப்ட்வேர்ல ஃபாக்ஸ் நிக்நேம் போட்டு கேமைத் தேடி எடுக்கிற வசதி இருக்கு, ஃபாக்ஸ்ல ஆடுறவங்களுக்கு அது ஒண்ணுக்காகவே அதைப் போட்டு வைக்கலாம். டைஜெம்ல இருந்து வர்றது ஜிஐபின்னு வேற ஃபார்மட், டபிள்யூபடுக்ல இருந்து வர்றது என்ஜிஎஃப். பயப்பட வேண்டாம், கீழ சொல்ற சாஃப்ட்வேர்லாம் இதையும் திறக்கும்.

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன். இன்னும் முடியாத கேமை, குறிப்பா ஒரு மூவுக்கு ரெண்டு நாள் மூணு நாள் டைம் இருக்கிற கரெஸ்பாண்டன்ஸ் கேமை, எஞ்சின்ல போட்டுப் பாக்காதீங்க. அது ரிவ்யூ இல்ல, ஏமாத்தறது. எதிராளி தன் மண்டைய போட்டு உடைச்சிக்கிட்டு இருக்கும்போது நாம எஞ்சினைக் கேட்டு வைக்கிறது அவரோட உழைப்புக்குப் பண்ற அவமரியாதை, சர்வர் ரூல்ஸ்லயும் அதுக்கு அக்கவுன்ட்டைத் தூக்கிடுவாங்க. கேம் முடியட்டும்.

சாஃப்ட்வேர் எதுன்னா, என்னோட சிபாரிசு ரெண்டு. சும்மா கேமைத் திறந்து பாக்க, கிளை போட்டுப் பாக்க, கமென்ட் எழுத, ஹெட்டரைத் திருத்த சபாக்கி. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், இலவசம், பாக்கவும் அழகா இருக்கும். எஞ்சினோட படிக்க கேட்ரெயின். இதுக்குள்ளயே கேட்டாகோ எஞ்சின் வந்துடும், அதனால எஞ்சினைத் தனியா இறக்கி, வெயிட்ஸ் ஃபைலைத் தனியா இறக்கி, கான்ஃபிக் எழுதிங்கிற தலைவலி இல்ல. கேட்டாகோங்கிறது டேவிட் வூ உருவாக்கி 2019ல வெளியான எஞ்சின், இது ஜெயிக்கிற சான்ஸை மட்டும் சொல்லாம எத்தனை பாயின்ட் முன்னால இருக்கீங்கன்னும் சொல்லும், நம்ம மாதிரி படிக்கிறவங்களுக்கு அந்த பாயின்ட் கணக்குதான் உயிர். அதைப் பத்தி கீழ வர்றேன்.

கேட்ரெயினை முதல் தடவை திறக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏத்த மாதிரி எஞ்சின் தன்னைத்தானே ட்யூன் பண்ணிக்கும், அதுக்கு சில நிமிஷம் ஆகலாம். அந்த நேரத்துல எதுவும் நடக்காத மாதிரி தெரியும். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு மூடிட்டு மறுபடி திறந்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், ஆகவே முதல் தடவை மட்டும் பொறுமையா விட்டுடுங்க, அடுத்த தடவைல இருந்து சட்டுனு வந்துடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஓடும், மெதுவா இருக்கும், அவ்வளவுதான்.

ஏத்தறதுக்கு ஃபைலை இழுத்து விண்டோ மேல போட்டாலே போதும். இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது: எஸ்ஜிஎஃப் டெக்ஸ்ட்தானே, அந்த டெக்ஸ்ட்டை அப்படியே காப்பி பண்ணி கேட்ரெயின்ல கன்ட்ரோல் வி அடிச்சா கேம் வந்துடும். யாராவது உங்களுக்கு மெசேஜ்ல கேமை டெக்ஸ்ட்டா அனுப்பினா ஃபைலா சேவ் பண்ணிட்டு இருக்க வேண்டாம்.

சரி, கேம் வந்துடுச்சு. இப்ப நேரா அனாலிசிஸ் பட்டனை அழுத்தாதீங்க, ஹெட்டரைப் பாருங்க. முதல்ல கோமி. இதுலதான் அதிகமா சறுக்கும். ஃபாக்ஸ்ல இருந்து வர்ற ஃபைல்ல கோமி 375ன்னு இருக்கிறதைப் பாக்கலாம். அது 375 பாயின்ட் இல்ல. சீன முறைல கோமியைக் கல் கணக்குல 3.75ன்னு சொல்ற வழக்கம் உண்டு, அதை ரெண்டால பெருக்கினா நமக்குத் தெரிஞ்ச 7.5. அந்த 3.75ஐ புள்ளி இல்லாம எழுதி வச்சதுதான் 375. கேட்ரெயின் ஃபாக்ஸ் ஃபைலுன்னு கண்டுபிடிச்சா இதைத் தானே திருத்திக்கும், ஆனா எல்லா சாஃப்ட்வேரும் அப்படிப் பண்ணும்னு நம்ப வேண்டாம், அதுவும் ஃபைல் வேற ஏதாவது ப்ரோக்ராம் வழியா கைமாறி வந்திருந்தா அந்த அடையாளமே போயிருக்கலாம். 375 கோமின்னு எஞ்சின் எடுத்துக்கிட்டா ஒரு கல்லு வைக்கிறதுக்கு முன்னாடியே வெள்ளை ஜெயிச்சாச்சுன்னு முடிவு பண்ணிடும், அப்புறம் கருப்பு எங்க வச்சாலும் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. கேமோட ஆரம்பத்துக்குப் போங்க, காலி போர்டுல நின்னு எஞ்சின் என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஹேண்டிகாப் இல்லாத கேம்னா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருக்கணும், பாயின்ட் வித்தியாசம் ஒண்ணு ரெண்டுக்கு மேல போகக் கூடாது. காலி போர்டுலயே ஒருத்தர் பத்து பாயின்ட் முன்னால இருக்கார்னு வந்தா கோமியோ ரூல்ஸோ தப்பு, அதைத் திருத்தாம மேல போகாதீங்க. ஜப்பானிய ரூல்ஸ்னா வழக்கமா 6.5, சீன ரூல்ஸ்னா 7.5, ஹேண்டிகாப் கேம்னா பெரும்பாலும் 0.5. கோமி சரி, ரூல்ஸ் தப்புன்னாலும் நடுவுல பெருசா தெரியாது, ஆனா யோசேல, அதாவது கேமோட கடைசிக் கட்டத்துல, ஒரு பாயின்ட் ரெண்டு பாயின்ட் கணக்கு மாறிடும். சீன ரூல்ஸ்ல சொந்த இடத்துக்குள்ள ஒரு கல் வச்சா நஷ்டம் இல்ல, ஜப்பானியல அது ஒரு பாயின்ட் போச்சு.

அடுத்து ஹேண்டிகாப். ஹெச்ஏ 3ன்னு இருந்தா மட்டும் போதாது, ஏபிங்கிற இடத்துல அந்த மூணு கல்லோட புள்ளியும் இருக்கணும். சில ஃபைல்ல எண்ணிக்கை இருக்கும், கல்லு இருக்காது. வேற சில ஃபைல்ல ஹேண்டிகாப் கல்லை கருப்போட சாதாரண மூவா தொடர்ந்து எழுதி வச்சிருப்பாங்க. ரெண்டாவது வகைல போர்டு சரியாத்தான் தெரியும், ஆனா மூவ் நம்பர் தள்ளிப் போகும், எஞ்சினும் யாரோட முறைன்னு குழம்பலாம். ஃபைலைத் திறந்ததும் முதல் வெள்ளை மூவ் வரைக்கும் அம்புக்குறியை அழுத்தி கல்லெல்லாம் வைக்க வேண்டிய இடத்துல இருக்கான்னு பாத்துட்டா போதும். இல்லன்னா சபாக்கில எடிட் மோடு போய் கல்லை வச்சு, இன்ஃபோல ஹேண்டிகாப்பையும் கோமியையும் மாத்தி சேவ் பண்ணிட்டு, அப்புறம் கேட்ரெயினுக்குக் கொண்டு வாங்க.

ரிசல்ட்டையும் ஒரு பார்வை பாருங்க. பி ப்ளஸ் ஆர்னா வெள்ளை ரிசைன் பண்ணிட்டார், டபிள்யூ ப்ளஸ் டின்னா கருப்புக்கு டைம் முடிஞ்சுது. டைம்ல தோத்த கேம்ல கடைசி மூவ் வரைக்கும் நீங்கதான் முன்னால இருந்திருக்கலாம், அப்ப உங்க பிரச்சினை மூவ் இல்ல, கடிகாரம். கேஜிஎஸ் ஃபைல்ல இதுக்கு ஒரு பொக்கிஷமே இருக்கு: ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்துல பிஎல், டபிள்யூஎல்னு மிச்ச டைம் செகண்ட் கணக்குல பதிவாயிருக்கும். பெரிய தப்பு வந்த மூவைக் கண்டுபிடிச்சிட்டு அந்த இடத்துல எத்தனை செகண்ட் எடுத்தீங்கன்னு பாருங்க. முக்கியமான சண்டைல மூணு செகண்ட்ல வச்சுட்டு, எங்கயும் போகாத ஒரு யோசேக்கு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கிறது பளிச்சுனு தெரியும். இதை எந்த எஞ்சினும் சொல்லாது.

திறக்கும்போது எர்ரர் வந்தாலோ, பேரும் கமென்ட்டும் கட்டம் கட்டமா, கேள்விக்குறியா வந்தாலோ, அது என்கோடிங் பிரச்சினை. சீன சர்வர் ஃபைல்ல இது சகஜம். மூவுக்கு எந்தப் பாதிப்பும் இல்ல, பேரு மட்டும்தான் சிதைஞ்சிருக்கும். சரி பண்ணணும்னா டெக்ஸ்ட் எடிட்டர்ல சரியான என்கோடிங்ல திறந்து யூடிஎஃப் 8ல சேவ் பண்ணிட்டு, ஹெட்டர்ல சிஏங்கிற இடத்துல யூடிஎஃப் 8ன்னு போட்டுடுங்க. அப்படிப் பண்ணா தமிழ்ல எழுதற கமென்ட்டும் ஒழுங்கா வரும். பாதி கேமோட நின்னுடுச்சுன்னா பெரும்பாலும் யாரோ சாட்ல டைப் பண்ண சதுர பிராக்கெட் கமென்ட்டுக்குள்ள வந்து, அதுக்கு முன்னாடி இருக்க வேண்டிய பேக்ஸ்லாஷ் விட்டுப் போயிருக்கும். அந்த இடத்துல ஒரு பேக்ஸ்லாஷ் போட்டா மிச்ச கேம் உயிரோட வந்துடும்.

இப்ப முக்கியமான கட்டம். எஞ்சினை ஆஃப் பண்ணி வச்சுட்டு முழுக் கேமையும் ஒரு தடவை நீங்களா ஓட்டிப் பாருங்க. தயங்கின இடத்துல எல்லாம் கமென்ட் எழுதுங்க: "இங்க ரெண்டு இடம் யோசிச்சேன், வலப்பக்கம் பெருசுன்னு தோணுச்சு", "இந்த குரூப் உயிரோட இருக்கான்னு தெரியாமலே வேற பக்கம் போயிட்டேன்". இலக்கணம் பாக்க வேண்டாம், மனசுல ஓடினதை அப்படியே எழுதுங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எஞ்சினோட நீலப் புள்ளியைப் பாத்துட்டா அதுக்கப்புறம் நம்ம யோசனை என்னவா இருந்துச்சுன்னு நமக்கே ஞாபகம் வராது, "ஆமா, இதுதான் நல்ல மூவு, எனக்கும் தோணுச்சு"ன்னு மனசு ஒத்துக்கிட்டுப் போயிடும். விடையைப் பாத்துட்டு கணக்குப் போடற மாதிரிதான் அது. எழுதி வச்ச கமென்ட் இருந்தா தப்பு கணக்குலயா, முடிவு பண்ற விதத்துலயா, இல்ல அந்த ஷேப்பே தெரியாததுலயான்னு பிரிச்சுப் பாக்க முடியும்.

அப்புறம் எஞ்சினை ஓட விடுங்க. கேட்ரெயின்ல ஒவ்வொரு கல்லு மேலயும் கலர் புள்ளி வரும், பச்சைன்னா நல்ல மூவ், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு போகப் போக நஷ்டம் அதிகம், ஊதான்னா படு நஷ்டம். இதுல ஜெயிக்கிற சதவீதத்தைப் பாக்காதீங்க, பாயின்ட் நஷ்டத்தைப் பாருங்க. கேம் நாற்பதாவது மூவ்லயே கிட்டத்தட்ட தோத்துப் போயிருந்தா அதுக்கப்புறம் சதவீதம் 1, 2ன்னு தரையிலயே கிடக்கும், நீங்க அங்க இருபது பாயின்ட் தப்பு பண்ணாலும் கிராஃப் அசையாது. பாயின்ட் கணக்குல அந்த இருபதும் தெரியும். அதே மாதிரி ரொம்ப முன்னால இருக்கும்போது பாதுகாப்பா ரெண்டு பாயின்ட் விட்டுக் கொடுக்கிறது தப்பே இல்ல, அதைப் பாத்து வருத்தப்பட வேண்டாம்.

எல்லாத் தப்பையும் பாக்கணும்னு நினைக்காதீங்க. பெருசா மூணு இடம் எடுங்க, அவ்வளவு போதும். ஒவ்வொரு இடத்துலயும் எஞ்சின் எங்க வைக்கச் சொல்லுதுங்கிறதோட நிறுத்தாம, ஏன்னு போர்டுல கேளுங்க. ஒரு உதாரணம். மேல் வலது மூலைல க்யூ 16ல உங்க கருப்புக் கல்லு ஸ்டார் பாயின்ட்ல, அதாவது ரெண்டு ஓரத்துல இருந்தும் நாலாவது கோட்டுல இருக்கு. வெள்ளை நேரா ஆர் 17ல, அதாவது மூணுக்கு மூணுல குதிக்குது. நீங்க க்யூ 17ல அடைச்சீங்க. எஞ்சின் ஆர் 16ல அடைச்சிருக்கணும்னு ரெண்டு மூணு பாயின்ட் நஷ்டம் காட்டுது. "சரி, ஆர் 16"ன்னு மனப்பாடம் பண்ணா அடுத்த கேம்ல அதுவே தப்பாகும். க்யூ 17ல அடைச்சா வெள்ளை வலது பக்கமா நீளும், உங்க சுவர் மேல் பக்கத்தைப் பாக்கும். ஆர் 16ல அடைச்சா வெள்ளை மேல் பக்கமா நீளும், சுவர் வலது பக்கத்தைப் பாக்கும். இப்ப போர்டைப் பாருங்க, உங்க மத்த கல்லு எந்தப் பக்கம் இருக்கு, எந்தப் பக்கம் இன்னும் காலியா அகலமா இருக்கு? வலது பக்கம் நடுவுல உங்க கல்லு ஒண்ணு ஏற்கனவே இருந்து, மேல் பக்கம் வெள்ளை வந்து உக்காந்திருந்தா, சுவர் எந்தப் பக்கம் வேணும்னு எஞ்சின் இல்லாமலே சொல்லிடலாம். அந்த வாக்கியத்தை உங்க வார்த்தைல அந்த மூவோட கமென்ட்ல எழுதிடுங்க.

எஞ்சின் சொல்றது புரியலன்னா அதோட மூவை வச்சுட்டு, எதிராளிக்காக நீங்க யோசிக்கிற பதிலை வைங்க. "இப்படி வெட்டினா என்ன பண்ணுவே?"ன்னு கேக்கிற மாதிரி வெட்டிப் பாருங்க. அது என்ன பதில் சொல்லுதுன்னு பாத்து ரெண்டு மூணு தடவை எதிர்த்து ஆடினா, நீங்க எந்தப் பதிலுக்கு பயந்தீங்களோ அது வேலைக்கு ஆகாதுன்னு கண்ணால பாப்பீங்க. ரிவ்யூல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதிகமா கத்துக்கிறதும் இங்கதான். எஞ்சினும் தப்பு பண்ணும், பெரிய குரூப் ரெண்டு ஒண்ணையொண்ணு பிடிக்கப் பாக்கிற செமெயாய் இருந்தா சில நூறு விசிட்ல (எஞ்சின் அந்த நிலையை எத்தனை தடவை அலசிப் பாத்துச்சுங்கிற கணக்கு) சொல்றதை நம்ப வேண்டாம். அந்த நிலைல நிறுத்தி இன்னும் கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்க, நம்பர் பல்டி அடிக்கிறது உண்டு.

முடிச்சதும் சேவ் பண்ணும்போது சர்வர்ல இருந்து வந்த ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க, அது ஒரு ஃபோல்டர்ல அப்படியே கிடக்கட்டும். கமென்ட் எழுதினது வேற ஃபோல்டர். எஞ்சின் எழுதித் தர்ற நீளமான கமென்ட்டையும் உங்க கமென்ட்டையும் ஒரே ஃபைல்ல கலந்துட்டா கொஞ்ச நாள் கழிச்சு யார் சொன்னதுன்னே தெரியாது. ஃபைல் பேர்ல வருஷம் மாசம் தேதின்னு அந்த வரிசைல போட்டு, அப்புறம் எதிராளி பேரு, நீங்க ஆடின கலர்னு வச்சீங்கன்னா லிஸ்ட் தானா தேதி வரிசைல நிக்கும்.

கேம் நல்லா சேர்ந்ததும் கோம்பிலோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல உங்க ஃபோல்டரைக் காட்டினா ஒரு மூலை ஷேப்பைக் கொடுத்து அது உங்க எந்தெந்த கேம்ல வந்திருக்குன்னு தேடலாம். மேல சொன்ன மூணுக்கு மூணு குதியை அதுல போட்டுத் தேடினா நீங்க எப்பவும் ஒரே பக்கம்தான் அடைக்கிறீங்களான்னு வரிசையா வந்து நிக்கும்.

எஞ்சின் காட்டினதும் விளங்காத இடம் எப்படியும் ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும். அந்த ஃபைலையே, உங்க கமென்ட்டோட, உங்களைவிட நாலஞ்சு க்யூ (கோவுல ஆட்டத் தரத்தைச் சொல்ற படி) மேல இருக்கிற ஒருத்தர்கிட்ட கொடுங்க. ஓஜிஎஸ்ல எஸ்ஜிஎஃப்பை லைப்ரரில அப்லோட் பண்ணிட்டு லிங்க் அனுப்பினா அவர் எதையும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே பாக்கலாம். "என் கேமைப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லாம, "எழுபத்தி மூணாவது மூவ்ல ஏன் நான் வெளிய ஓடக் கூடாது"ன்னு மூவ் நம்பரோட கேளுங்க, அப்படிக் கேட்டா யாருமே நேரம் ஒதுக்கி பதில் சொல்லுவாங்க.